புதிய மாநகராட்சிக் கட்டடம்: '100 கோடி' என்ற எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஒரு நகரம் தனக்குப் புதிய மாநகராட்சிக் கட்டடம் கட்டப்போகிறது என்று அறிவிப்பு வந்தால், கூடவே ஒரு எண்ணும் வரும். 'மதிப்பீடு 100 கோடி' என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு பேச்சு முழுக்க அந்த எண்ணைச் சுற்றித்தான். "இவ்வளவா?" என்பார் ஒருவர். "காலத்துக்கும் நிற்கப்போகிற கட்டடம், இதுகூட ஆகாதா?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் அந்த எண்ணைக் கட்டடத்தின் விலை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது விலையில் ஒரு துண்டுதான். வரி கட்டுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு: இதற்காக ஆண்டுதோறும் எவ்வளவு போகும், எத்தனை ஆண்டுகள் போகும், எந்தக் கணக்கிலிருந்து போகும். இந்த மூன்றுக்கும் விடை கிடைக்கிற வழியில் கொஞ்சம் நடந்து பார்ப்போம். இதற்குப் பொறியியலும் வேண்டாம், நிதிப் படிப்பும் வேண்டாம். பெருக்கல் தெரிந்தால் போதும்.

கட்டித்தான் ஆக வேண்டுமா?

புதுக் கட்டடம் வேண்டும் என்ற பேச்சு பெரும்பாலும் உண்மையான சிரமத்திலிருந்துதான் தொடங்குகிறது. துறைகள் ஊரெங்கும் வாடகைக் கட்டடங்களில் சிதறிக் கிடக்கும். ஒரு பெயர் மாற்றத்துக்கு மூன்று இடம் அலைய வேண்டியிருக்கும். மின் கம்பிகள் பழசாகியிருக்கும், தீ பிடித்தால் வெளியேற ஒரே படிக்கட்டு இருக்கும், சக்கர நாற்காலியில் வருகிறவரால் வாசலைத் தாண்டவே முடியாது. இதெல்லாம் ஆடம்பரக் குறைகள் இல்லை.

ஆனால் சிரமம் உண்மை என்பதாலேயே விடை புதுக் கட்டடம்தான் என்று ஆகிவிடாது. மூன்று வழிகள் இருக்கின்றன. இருப்பதைப் பழுது பார்த்து விரிவாக்கலாம், வேறொரு கட்டடத்தை வாடகைக்கோ விலைக்கோ எடுக்கலாம், புதிதாகக் கட்டலாம். மூன்றையும் ஒரே கால அளவுக்கு, அதாவது 30 அல்லது 40 ஆண்டுகளுக்கு, மொத்தச் செலவு போட்டு ஒப்பிட வேண்டும். பழுது பார்க்கும் செலவை ஐந்து ஆண்டுக்கும், புதுக் கட்டடத்தின் பயனை ஐம்பது ஆண்டுக்கும் காட்டும் ஒப்பீடு எதையும் நிரூபிக்காது.

அமெரிக்காவின் ஒரே மாநிலத்தில் இரண்டு விடைகளும் கிடைக்கின்றன. கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரம் 1977இல் கட்டிய தன் மாநகராட்சிக் கட்டடம் பெரிய நிலநடுக்கத்தைத் தாங்காது என்று தெரிந்ததும், அதைப் பலப்படுத்துவதை விட்டுப் புதிதாகக் கட்டி 2019இல் குடியேறியது. சான் பிரான்சிஸ்கோ நேர்மாறாகச் செய்தது. 1915இல் திறந்த அதன் கட்டடம் 1989 நிலநடுக்கத்தில் சேதமானபோது, அந்தப் பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் ஐநூறுக்கும் மேற்பட்ட அதிர்வுத் தாங்கிகளைப் பொருத்தி, 1999இல் மீண்டும் திறந்தார்கள். பழுது பார்ப்பதும் மலிவான வேலை இல்லை. எது சரி என்பது அந்தந்தக் கட்டடத்தின் எலும்பு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதல் செலவு ஒரு நல்ல கட்டட ஆய்வுக்குத்தான் போக வேண்டும். மொத்தத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. அதை மிச்சம் பிடிப்பது வீண்.

எவ்வளவு பெரிய கட்டடம்?

எண்ணைத் தீர்மானிப்பது பளிங்குக் கல்லோ கோபுரமோ என்று பலர் நினைக்கிறார்கள். நிஜத்தில் பரப்பளவுதான் தீர்மானிக்கிறது. ஒரு எடுத்துக்காட்டுப் பார்க்கலாம். 300 பேர் வேலை செய்யும் அலுவலகம். ஆளுக்கு 100 சதுர அடி என்றால் 30,000. மன்றக் கூடம், மக்கள் வந்து நிற்கும் கவுன்டர்கள், கூட்ட அறைகள், பதிவேட்டு அறை எல்லாவற்றுக்கும் இன்னொரு 15,000. ஆக 45,000 சதுர அடி போதும் என்று தோன்றும். போதாது. நடைவழி, படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை, சுவர்களின் தடிமன், மின்சார அறை இவையெல்லாம் சேர்ந்து கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மொத்தப் பரப்பில் 65 சதவீதம்தான் புழங்கும் இடம் என்று வைத்தால், 45,000 சதுர அடி புழங்க 69,000 சதுர அடிக்கு மேல் கட்ட வேண்டும்.

இங்கேதான் ஒரு சின்னக் கேள்விக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது: "இந்த 300 என்ற எண் எங்கிருந்து வந்தது?" இருபது ஆண்டு கழித்து எத்தனை பேர் இருப்பார்கள்? கணினி வழியாகவே பாதி வேலை முடிந்துவிட்டால் அத்தனை கவுன்டர் வேண்டுமா? தினமும் வராத ஊழியர்களுக்குத் தனி மேசை வேண்டுமா? தேவைப் பட்டியலில் 10 சதவீதம் குறைத்தால் கட்டுமானச் செலவு கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். கட்டி முடிக்கும் நேரத்தில் தரைக் கல்லை மாற்றி அதில் பாதியைக்கூட மிச்சம் பிடிக்க முடியாது.

மதிப்பீட்டுக்குள் என்ன இருக்கிறது?

100 கோடி என்றதும் அத்தனையும் செங்கல், சிமென்ட், கம்பி என்று எண்ண வேண்டாம். கற்பனையாக ஒரு பிரிவு போடுகிறேன். கட்டுமானத்துக்கும் மின்சாரம், குழாய், குளிர்சாதனம் போன்றவற்றுக்கும் 68. வடிவமைப்பு, மண் பரிசோதனை, அனுமதிகள், மேற்பார்வைக்கு 12. மேசை நாற்காலி, கணினிகள், குடிபெயரும் செலவு 8. எதிர்பாராத செலவுக்கு 7. கட்டி முடிக்கும் வரை ஏறும் விலைவாசிக்கு 5. ஒவ்வொரு திட்டத்திலும் இந்த விகிதம் மாறும். விகிதத்தைவிட முக்கியம், இவற்றில் எதை மதிப்பீட்டுக்குள் சேர்த்திருக்கிறார்கள் என்பது. சில அறிவிப்புகளில் கட்டுமானச் செலவு மட்டும் இருக்கும். அப்படியானால் '68 கோடி' என்று சொன்ன கட்டடம் 100 கோடியில் முடிவது மோசடியால் நடந்ததாக இருக்க வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே முழுத் தொகையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நிலத்தின் மதிப்பு, பழைய கட்டடத்தை இடிக்கும் செலவு, வேலை நடக்கும் காலத்துக்கான தற்காலிக வாடகை, கடனுக்கான வட்டி இந்த நான்கும் அடிக்கடி வெளியே நின்றுவிடும்.

எதிர்பாராத செலவுக்கான ஒதுக்கீட்டைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் உண்டு. அதை நான் நேர்மையின் அடையாளமாகவே பார்க்கிறேன். தோண்டிப் பார்க்காத மண்ணுக்கு யாரும் சரியான விலை சொல்ல முடியாது. வரைபடம் வெறும் கோடுகளாக இருக்கும்போது போடும் மதிப்பீடு 30, 40 சதவீதம் வரை மேலே போவது சாதாரணம். வரைபடம் தெளிவாகத் தெளிவாக அந்த இடைவெளி சுருங்கும். அதனால் தொடக்கத்தில் '100' என்று ஒற்றை எண் சொல்வதைவிட '90 முதல் 130 வரை' என்று சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

வரைபடம் முடியாமலே வேலையைத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு சிட்னி ஓப்பரா ஹவுஸ். அது மாநகராட்சிக் கட்டடம் இல்லை, ஆனாலும் பொதுப் பணத்தின் பாடம் அதே. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டு, கூரையை எப்படிக் கட்டுவது என்ற விடை கையில் இல்லாமலே 1959இல் வேலையைத் தொடங்கினார்கள். 1973இல் திறந்தபோது செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர்.

தாமதம் தனிச் செலவு. ஆண்டுக்கு 6 சதவீதம் கட்டுமான விலை ஏறுகிறது என்றால், ஐந்து ஆண்டு தள்ளிப்போன 100 கோடி வேலை கிட்டத்தட்ட 134 கோடியாகிவிடும். ஒரு செங்கல்கூட அதிகமாக வைத்திருக்க மாட்டோம். ஃபிலடெல்ஃபியா நகரம் தன் மாநகராட்சிக் கட்டடத்தை 1871இல் தொடங்கி 1901இல்தான் முடித்தது. முப்பது ஆண்டுகள்! சான் பிரான்சிஸ்கோவில் இப்போதிருக்கும் கட்டடத்துக்கு முந்தையது 1872 முதல் 27 ஆண்டுகள் கட்டப்பட்டது. முடிந்து ஏழே ஆண்டில், 1906 நிலநடுக்கத்தில் அது நொறுங்கி விழுந்தது. அத்தனை ஆண்டு வரிப்பணம் சில நொடிகளில் இடிபாடாகிக் கிடந்ததைப் பார்த்த மக்களின் மனநிலையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆனாலும் அதே மக்கள் 1912இல் புதிய கட்டடத்துக்கும் அதைச் சுற்றிய பொது வளாகத்துக்கும் 88 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தார்கள்.

பணம் எங்கிருந்து வரும்?

மாநகராட்சிக் கட்டடத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது சம்பாதிக்காது. குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் வாங்கினால் குடிநீர்க் கட்டணத்திலிருந்து அடைக்கலாம், பாலத்துக்கு வாங்கினால் சுங்கத்திலிருந்து அடைக்கலாம். மாநகராட்சி அலுவலக வாசலில் யாரும் நுழைவுச் சீட்டு வாங்கப்போவதில்லை. ஆகவே என்ன பெயர் சொல்லிப் பணம் திரட்டினாலும், கடைசியில் அதைத் தருவது பொது வருமானம்தான். மேலே இருக்கும் அரசு மானியம் தந்தாலும் அதுவும் இன்னொரு மட்டத்தில் மக்கள் கட்டிய வரியே.

சேர்த்து வைத்துக் கட்டுவது முதல் வழி. ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனி நிதியில் போட்டு, போதுமான அளவு சேர்ந்ததும் கட்டுவது. வட்டி கிடையாது. ஆனால் சேர்வதற்குள் விலை ஏறிவிடும். அதோடு, பத்து ஆண்டு பணம் கட்டியவர்களில் சிலர் ஊரைவிட்டே போயிருப்பார்கள். அவர்கள் ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத கட்டடத்துக்கு அவர்கள் பணம் போயிருக்கும்.

கடன் வாங்கினால் இந்த நியாயம் திரும்புகிறது. ஐம்பது ஆண்டு நிற்கும் கட்டடத்துக்கு, அதைப் பயன்படுத்தப்போகிற அடுத்த தலைமுறையும் ஒரு பங்கு தரட்டும் என்பது கடனுக்கான நல்ல வாதம். நகரங்கள் பெரும்பாலும் கடன் பத்திரம் வெளியிட்டோ வங்கியிலோ அரசு நிதி நிறுவனத்திலோ வாங்கியோ இதைச் செய்கின்றன. வரி வசூலிக்கும் அதிகாரமே அந்தக் கடனுக்குப் பிணை. அதனால்தான் சில நாடுகளில் இப்படிக் கடன் வாங்கும் முன் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

வட்டிக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 100 கோடியை 6 சதவீத வட்டிக்கு வாங்கி, சமமான ஆண்டுத் தவணையில் அடைக்கிறோம். 20 ஆண்டில் அடைத்தால் தவணை சுமார் 8.7 கோடி, மொத்தம் கட்டுவது 174 கோடி. 30 ஆண்டுக்கு நீட்டினால் தவணை சுமார் 7.3 கோடியாகக் குறையும். மொத்தம் 218 கோடியாக ஏறும். தவணை ஒன்றரைக் கோடிக்கும் குறைவாகத்தான் இறங்கியது, மொத்தமோ நாற்பது கோடிக்கு மேல் ஏறிவிட்டது. ஒரு தலைவர் மேடையில் முதல் எண்ணை மட்டும் சொல்வார், எதிர்க்கிறவர் இரண்டாவதை மட்டும் சொல்வார். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அப்புறம் அந்த 7.3 கோடியை நகரத்தின் ஆண்டு வருமானத்தோடு வையுங்கள். வருமானம் 200 கோடி என்றால் அது ஏறக்குறைய 3.6 சதவீதம். ஏற்கெனவே இருக்கும் கடன்களின் தவணையையும் கூட்டிப் பார்த்தால், தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் என்ன மிஞ்சும் என்பது தெரிந்துவிடும்.

கடன் என்ற சொல்லே வராத வழிகளும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு நகரம் இப்படிக் கடன் வாங்க வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் வேண்டும். அது எளிதில் கிடைக்காது. அதனால் பல நகரங்கள் வேறு ஏற்பாடு செய்கின்றன. ஒரு தனி அமைப்பு பணம் திரட்டிக் கட்டும், நகரம் அதற்கு ஆண்டு வாடகை கொடுக்கும், கடைசித் தவணை முடிந்ததும் கட்டடம் நகரத்துக்குச் சொந்தமாகும். சட்டத்தின் பார்வையில் அது வாடகை. பணம் கட்டுகிற நகரத்தின் பார்வையில் தவணைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த ஏற்பாடு தவறு என்று நான் சொல்லமாட்டேன், தேவையான கட்டடங்கள் பல இப்படித்தான் எழுந்திருக்கின்றன. ஆனால் 'கடன் இல்லாமல் கட்டுகிறோம்' என்று மக்களிடம் சொல்வது சரியில்லை.

லாங் பீச் இன்னும் ஒரு படி போனது. தனியார் கூட்டமைப்பு ஒன்று வடிவமைத்து, பணம் போட்டு, கட்டி, 40 ஆண்டு பராமரிக்கவும் வேண்டும். நகரம் ஆண்டுதோறும் ஒரு தொகை தரும். கூடவே நகரத்தின் நிலத்தில் ஒரு பகுதியைத் தனியார் கட்டடங்களுக்கு விட்டுக்கொடுத்தது. இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: கட்டுகிறவரே நாற்பது ஆண்டு பராமரிக்க வேண்டும் என்றால் மட்டமான குழாயைப் பதிக்க யோசிப்பார். பாதகம், ஒப்பந்தத்தில் ஒரு வரி தவறினால் அதை நாற்பது ஆண்டு சுமக்க வேண்டும். தனியார் வாங்கும் கடனுக்கு வட்டியும் பொதுவாக நகரம் வாங்குவதைவிட அதிகம்.

வெறும் வாடகைக்கு இருப்பதில் உள்ள ஆபத்தை லண்டன் காட்டியது. தேம்ஸ் நதிக்கரையில் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 2002இல் திறந்த லண்டன் சிட்டி ஹால் உலகப் புகழ்பெற்ற கட்டடம். ஆனால் நகர நிர்வாகத்துக்கு அது சொந்தம் கிடையாது. குத்தகைதான். வாடகைச் சுமை காரணமாக 2021 இறுதியில் அதைக் காலி செய்துவிட்டு, கிழக்கு லண்டனில் தங்களுக்குச் சொந்தமான வேறொரு கட்டடத்துக்கு நிர்வாகம் போய்விட்டது.

மறந்துபோகும் பாதி

கட்டி முடித்த நாளிலிருந்து கட்டடம் தேய ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கழகம் 1990இல் வெளியிட்ட அறிக்கை, பொதுக் கட்டடங்களின் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் அவற்றைத் திரும்பக் கட்ட ஆகும் செலவில் 2 முதல் 4 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்றது. அப்படியானால் நம் 100 கோடிக் கட்டடத்துக்கு ஆண்டுக்கு 2 முதல் 4 கோடி. மின் கட்டணமும் துப்புரவும் இதில் சேராது. 30 ஆண்டுத் தவணையோடு கூட்டினால் ஆண்டுக்கு 9 முதல் 11 கோடி வருகிறது. செய்தியில் 'மதிப்பீடு 100 கோடி' என்று வந்ததன் முழு உருவம் இதுதான்: முப்பது ஆண்டுக்கு, ஆண்டுதோறும் சுமார் 10 கோடி.

இந்தப் பராமரிப்புப் பணம்தான் பட்ஜெட்டில் முதலில் வெட்டுப்படும். கூரையில் தண்ணீர் ஒழுகுவதை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிவைப்பதால் யாருக்கும் உடனே வலிப்பதில்லை. முப்பது ஆண்டு அப்படியே போனால், 'இந்தக் கட்டடம் இனி தாங்காது, புதிதாகக் கட்ட வேண்டும்' என்ற அறிவிப்பு மறுபடியும் வரும். புதுக் கட்டடத்துக்கு ஒப்புதல் தரும் அதே தீர்மானத்தில் பராமரிப்புக்கான தனி நிதியையும் சேர்த்து நிறைவேற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மக்கள் எப்போது பேச வேண்டும்?

டெண்டர் விடும் முன்பே. இன்னும் சொன்னால், வடிவமைப்பாளரை நியமிக்கும் முன்பே. தொடக்கத்தில் ஒரு தளத்தைக் குறைக்க ஒரு கோட்டை அழித்தால் போதும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஒரு கதவை நகர்த்தினாலும் ஒப்பந்ததாரர் கூடுதல் தொகை கேட்பார், அது அவருடைய உரிமையும்கூட. வரைபடம் முழுமையாக இல்லாமல் டெண்டர் விட்டால், குறைந்த விலை போட்டவர் பின்னால் ஒவ்வொரு மாற்றத்திலும் அதை ஈடுகட்டிக்கொள்வார்.

மக்கள் சரியான நேரத்தில் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு டொரான்டோவின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1955இல் அந்த நகரம் புதிய மாநகராட்சிக் கட்டடத்துக்கு ஒரு வடிவத்தை முன்வைத்தது. மக்கள் வாக்கெடுப்பில் அதை நிராகரித்தார்கள். நிர்வாகம் திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. உலகளாவிய வடிவமைப்புப் போட்டி வைத்தது. 42 நாடுகளிலிருந்து ஐநூறுக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. 1958இல் ஃபின்லாந்தின் வில்யோ ரெவெல் வென்றார். வளைந்த இரண்டு கோபுரங்கள், நடுவில் தட்டுப்போல வட்டமான மன்றக் கூடம், முன்னால் எல்லாரும் கூடும் திறந்த சதுக்கம். 1965இல் கட்டடம் திறந்தது. ரெவெல் அதைப் பார்க்கவில்லை, முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். மக்கள் ஒருமுறை வேண்டாம் என்று சொல்லியிருக்காவிட்டால், இன்று டொரான்டோ என்றதும் நினைவுக்கு வரும் அந்தக் கட்டடம் இருந்திருக்காது.

அந்த ஊரில் பழைய கட்டடத்துக்கு என்ன ஆயிற்று என்பதும் சொல்லத் தகுந்தது. 1899இல் திறந்த பழைய மாநகராட்சிக் கட்டடம் சாலையின் எதிர்ப்பக்கமே இருந்தது. அறுபதுகளில் அங்கே ஒரு பெரிய வணிக வளாகத்துக்காக அதன் பெரும்பகுதியை இடிக்கத் திட்டம் வந்தது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. மணிக்கூண்டோடு அது அப்படியே தப்பித்து, பல பத்தாண்டுகள் நீதிமன்றமாக இயங்கியது. புதுக் கட்டடத்துக்கான மதிப்பீட்டை நீங்கள் கையில் வாங்கும்போது, பழையதைப் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.